கார் ரேடியோ திடீரென ஊமையானதா? புது செட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பாரிட் புந்தாரிலிருந்து விடியற்காலையில் பினாங்குப் பக்கம் வேலைக்குப் போகும் நம்மவர்கள் பலருக்கு மின்னல் எஃப்எம்தான் வழித்துணை. ஒரு நாள் பண்டார் பாரு டோலை நெருங்கும்போது சத்தம் சட்டென்று நின்றுவிடும். சாவியை அணைத்துப் போட்டாலும் வராது. கடைக்குப் போனால், “செட் போய்விட்டது, புதுசு போடுங்கள்” என்பார்கள். சில நூறு வெள்ளி கைவிட்டுப் போகும். பல நேரங்களில் போயிருப்பது ஒரு சின்ன பியூஸ் மட்டுமே.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். காரில் உள்ள நான்கு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பழுதாவது மிக அரிது. நான்கும் சேர்ந்து நின்றால், நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கும். அதாவது மின்சாரம் வரும் வழி, செட், ஆம்ப்ளிஃபையர், அல்லது எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும் ஒரு ஷார்ட்.

முதலில் கைக்கெட்டும் சோதனை

மியூட் பொத்தான் அழுந்தியிருக்கிறதா, வால்யூம் குறைந்திருக்கிறதா, செட் ஆக்ஸ் அல்லது புளூடூத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பேலன்ஸ், ஃபேடர் இரண்டும் நடுவில் இருக்க வேண்டும். புளூடூத்தில் பாட்டு வந்து, ரேடியோ மட்டும் வரவில்லை என்றால் அது ஆண்டெனா கோளாறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால்

பியூசிலிருந்து தொடங்குங்கள். பியூஸ் பெட்டி பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒன்றும், போனட்டுக்குள் ஒன்றும் இருக்கும். எது ரேடியோவுக்கு என்பது மூடியின் உட்புறத்திலோ கார்க் கையேட்டிலோ இருக்கும். சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15 ஆம்ப், மஞ்சள் 20 ஆம்ப். பியூசைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருப்பது தெரியும். பல செட்டுகளின் முதுகிலும் தனியாக ஒரு பியூஸ் உண்டு. அதையும் பார்க்க மறக்க வேண்டாம்.

செட்டுக்கு மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது. தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் தரும். கடிகாரமும் நிலையங்களின் நினைவும் அதனால்தான் நிற்கின்றன. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும். கறுப்பு எர்த். நிலையங்கள் தினமும் அழிந்துபோனால் மஞ்சள் வழியைப் பாருங்கள். நினைவு சரியாக இருந்தும் செட் எரியாவிட்டால் சிவப்பு வழியைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டரும் இதே பியூசில் இருக்கும். போன் சார்ஜரும் ஏறவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

பேட்டரி மாற்றிய பிறகு செட்டில் ‘கோட்’ என்று வந்தால் அது பழுதல்ல, திருட்டுத் தடுப்புப் பூட்டு. ஹோண்டா போன்ற சில கார்களில் இது உண்டு. கையேட்டோடு வந்த எண்ணை அழுத்தினால் போதும்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள காரில், முதலில் அதன் விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியாவிட்டால் பேட்டரி அருகே உள்ள பெரிய பியூஸ், எர்த் போல்ட், செட்டிலிருந்து வரும் வெள்ளைக் கோடு போட்ட நீல வயர் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். அந்த நீல வயர்தான் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும். சிவப்பு விளக்கு எரிந்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. பெரும்பாலும் எங்கோ ஷார்ட் அல்லது அதிகச் சூடு.

ஆம்ப்ளிஃபையர் இல்லாத காரில், ஒரே ஒரு ஸ்பீக்கர் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டாலும் செட் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடிக்க, நான்கு ஸ்பீக்கர் இணைப்புகளையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது சத்தம் நிற்கிறதோ அந்த வயரில்தான் வினை. எதை மாட்டினாலும் சத்தம் வராவிட்டால், நன்றாக இருக்கும் ஒரு ஸ்பீக்கரைச் செட்டில் நேராக மாட்டிப் பாருங்கள். அதிலும் மௌனம் என்றால்தான் செட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பீக்கரைச் சோதிக்க 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி போதும். கழற்றிய வயரில் ஒரு கணம் தொட்டால் ‘டக்’ என்று கேட்கும். மல்ட்டிமீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் 4-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது

கிரியான் வட்டாரத்தில் காரை வயல் ஓரத்தில் நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். செம்பனைத் தோட்டத்து மண் சாலையின் குலுக்கலில் இணைப்புகள் தளரும். மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கசிந்து பியூஸ் பெட்டியில் பச்சை பூக்க வைக்கும். பழைய சாகா, கஞ்சில் கார்களில் கதவைத் திறந்து மூடியே, கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஸ்பீக்கர் வயர் அறுந்துபோகும்.

செய்யவே கூடாதவை

பியூஸ் மறுபடியும் போனால் பெரிய ஆம்ப் பியூஸ் போடாதீர்கள். சிகரெட் பெட்டித் தாளையும் செம்புக் கம்பியையும் செருகாதீர்கள். ஷார்ட் அப்படியே இருக்கும். பியூசுக்குப் பதிலாக வயர் எரியும். குழந்தைகள் உட்காரும் காரில் தீப்பிடிக்க இது போதும். வயரில் கை வைக்கும் முன் 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் தேவைப்படும் சோதனைக்கு மட்டும் திரும்ப மாட்டலாம். ஸ்பீக்கர் வயர் எதையும் பாடியில் எர்த் கொடுக்காதீர்கள். ஏர்பேக்கின் மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே வேண்டாம்.

பட்டறைக்குப் போகும்போது

“பியூஸ் பார்த்தேன், ஸ்பீக்கரைத் தனித்தனியாகச் சோதித்தேன்” என்று சொல்லிக் காரை விடுங்கள். செட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்பதை உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். செட்தான் போனது என்று உறுதியானால், கெடாய் பொத்தோங்கில் பழைய செட் மலிவாகக் கிடைக்கும். அங்கேயே மாட்டிக் கேட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.