பொம்மையிலிருந்து எல்மோ வரை

எங்க வீட்டு வாண்டுக்கு ரெண்டரை வயசு. கக்கா போக உட்கார்ந்தா கையில எல்மோ வீடியோ வேணும். வீடியோ முடிஞ்சிடும், வந்த வேலை மட்டும் முடியாது! தங்கமணி முறைச்சதுல, கொஞ்சம் பழைய கதையைத் தேடிப் படிச்சேன்.

1962-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 1170 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை தயாராகும்வரை அவசரப்படுத்தாதீங்க என்பதுதான் சாராம்சம். 1974-ல் உளவியலாளர்கள் அஸ்ரினும் ஃபாக்ஸும், ஒரு நாளுக்குள்ளேயே பழக்கிடலாம்னு புத்தகமே போட்டாங்க. அவங்க ஆயுதம், மூச்சா போகும் பொம்மை! அதுக்குத் தண்ணி குடுக்கறது, உட்கார வைக்கறது எல்லாம் குழந்தைதான். பொம்மைக்குச் சொல்லிக் குடுக்கும்போதே தானும் கத்துக்கும்.

அப்புறம் வீடியோ கேசட் வந்துச்சு. 2006-ல் இதுக்குன்னே எல்மோ டிவிடியும் வந்துச்சு. எல்மோவும் பொம்மைதான். ஆனா திரைக்குள்ள போனதும் வேலையெல்லாம் பொம்மையே செய்யுது. குழந்தை சும்மா வேடிக்கை பார்க்குது. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

நேத்து போனை அலமாரியில வெச்சிட்டு, கரடி பொம்மையைக் குடுத்தேன். தண்ணி ஊட்டினான், பக்கத்துல உட்கார வெச்சான், "முக்கு, முக்கு"ன்னு அதட்டினான்.

கரடி போகவே இல்லை. இவன் போயிட்டான்!