ஹென்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கை

1962 இந்திய–சீனப் போரில் இந்தியத் தரைப்படை ஏன் தோற்றது என்று ஆராய்ந்து, 1963இல் இரண்டு ராணுவ அதிகாரிகள் அளித்த ரகசிய அறிக்கை. லெப்டினன்ட் ஜெனரல் டி. பி. ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பிரேமிந்திர சிங் பகத்தும் இதை எழுதினார்கள். அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்திய அரசு இதை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. தோல்விக்குப் பொறுப்பு நேருவா, கிருஷ்ண மேனனா, தளபதிகளா என்று கட்சிகள் மோதிக்கொள்ளும் போதெல்லாம் இந்த அறிக்கை சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. ஆனால் அழைப்பவர்களில் பெரும்பாலானோர் அதைப் படித்ததில்லை. மறைத்து வைத்தது எந்த ஒரு தலைவரையும் காப்பாற்றவில்லை. கட்சிக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை அதன் பெயரால் சொல்லிக்கொள்ளத்தான் அது வழிவிட்டது.

பின்னணி

அரசியல் தலைமைக்கும் ராணுவத் தலைமைக்கும் இடையிலான பிணக்கு போருக்கு மூன்றாண்டு முன்பே வெளிப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல், தரைப்படைத் தலைமைத் தளபதி கே. எஸ். திம்மையா 1959 ஆகஸ்ட் 31 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு அவரை அழைத்துப் பேசித் திரும்பப் பெற வைத்தார். ஆனால் செப்டம்பர் 2 அன்று மக்களவையில் எழுந்து, தளபதி நடந்துகொண்ட விதத்தைக் குறை கூறினார். பிணக்கு அன்றே கட்சிச் சண்டையாக மாறியது. எதிர்க்கட்சிகள் திம்மையா பக்கம் நின்றன, காங்கிரஸின் இடதுசாரிகள் மேனன் பக்கம் நின்றார்கள். ராணுவத்தில் பதவி உயர்வு யாருக்கு எதனால் கிடைக்கிறது என்ற கேள்வி நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது ஒரு ராணுவத்துக்கு நல்லதல்ல. ஆனால் அந்தக் கேள்விக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை.

1961இல் திம்மையா ஓய்வு பெற, பி. என். தாப்பர் தலைமைத் தளபதியானார். பி. எம். கௌல் தலைமை அலுவலகத்தில் பொதுப் பணியாளர் பிரிவின் தலைவரானார். நேருவுக்கு நெருக்கமானவர் கௌல். போர்க்களத்தில் ஒரு பட்டாலியனையும் நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. அதே காலத்தில், மேனனுக்குப் பிடிக்காத ராணுவ அதிகாரி சாம் மானெக்ஷா மீது விசாரணை நடந்தது. அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஆச்சார்யா கிருபளானி 1961 ஏப்ரலில் மக்களவையில் மேனனைக் கடுமையாகத் தாக்கினார், 1962 பிப்ரவரியில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் அவரையே எதிர்த்து நின்றார். நேருவே வந்து மேனனுக்காகப் பிரசாரம் செய்தார். மேனன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ராணுவ நிர்வாகம் குறித்த புகார்களுக்கு அந்தத் தேர்தல் வெற்றியே பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எட்டே மாதத்தில் போர் வந்தது.

1961 நவம்பர் 2 உத்தரவு

பிற்காலத் தர்க்கங்கள் எல்லாம் ‘முன்னகர்வுக் கொள்கை’ என்ற ஒன்றைச் சுற்றியே நடப்பதால், அது பிறந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1961 நவம்பர் 2 அன்று டெல்லியில் நேரு தலைமையில் நடந்த கூட்டத்தில் மேனன், தாப்பர், கௌல், உளவுத்துறை இயக்குநர் பி. என். மல்லிக் முதலியோர் கலந்துகொண்டார்கள். லடாக்கில் சீனர்கள் மேலும் முன்னேறாதபடி இயன்றவரை முன்னே சென்று காவல்நிலைகள் அமைப்பது என்று முடிவானது. நிலைகள் அமைத்தால் சீனர்கள் பலத்தைப் பயன்படுத்த மாட்டார்கள் என்பது உளவுத்துறையின் கணிப்பு. அதே உத்தரவில் இன்னொரு பகுதியும் இருந்தது: இந்த நிலைகளுக்குப் பின்னால், வேண்டியபோது விரைந்து உதவக்கூடிய வலுவான படைத்தளங்கள் இருக்க வேண்டும். டிசம்பரில் தரைப்படைத் தலைமையகம் இந்த முடிவைக் கீழே உள்ள கமாண்டுகளுக்கு அனுப்பியபோது அந்தப் பகுதி விடுபட்டுப்போனது. அரசியல் தலைமை நம்பக் கூடாத கணிப்பை நம்பியது. ராணுவத் தலைமை, தனக்கு இருந்த ஒரே பாதுகாப்பு நிபந்தனையைத் தானே கைவிட்டது. ‘எல்லாம் நேருவால்’ என்பவர்களும் ‘எல்லாம் தளபதிகளால்’ என்பவர்களும் இந்த ஒரு தாளை ஒன்றாக உட்கார்ந்து படித்திருந்தால் பாதிச் சண்டை நின்றிருக்கும்.

நாம்கா சூ

நேஃபா எனப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் மேற்கு மூலையில், தாக்லா மலைமுகட்டின் அடியில் ஓடும் சிற்றாறு நாம்கா சூ. அதன் கரையில் 1962 ஜூனில் தோலா என்ற காவல்நிலை அமைக்கப்பட்டது. செப்டம்பர் 8 அன்று சீனப் படைகள் அதைச் சூழ்ந்தன. அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று டெல்லி முடிவு செய்தது. நேரு அப்போது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார், மேனன் ஐ.நா. கூட்டத்துக்குப் போயிருந்தார். செப்டம்பர் 22 அன்று துணை அமைச்சர் நிலையில் நடந்த கூட்டத்தில் தாப்பர் இந்த நடவடிக்கையின் அபாயங்களைச் சொன்னார், எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றும் கேட்டார். உத்தரவு வந்தது. கையெழுத்திட்டவர் இணைச் செயலாளர் எச். சி. சரின். ஒரு நாட்டின் ராணுவத்தைப் போருக்கு அனுப்பும் தாளில் பிரதமரின் கையெழுத்தும் இல்லை, அமைச்சரின் கையெழுத்தும் இல்லை. எழுத்தில் கேட்டு வாங்கிய தளபதியோ, வந்த தாளை ஏற்றுக்கொண்டு படையை நகர்த்தினார்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கோர் தளபதி உம்ராவ் சிங், இத்தனை படையும் தளவாடமும் இல்லாமல் தாக்க முடியாது என்று கணக்குப் போட்டு எழுதினார். அவரை மாற்றவில்லை, அவர் பொறுப்பிலிருந்து அந்தப் பகுதியைப் பிரித்து, 4ஆவது கோர் என்ற புதிய அமைப்பை உண்டாக்கிக் கௌலிடம் கொடுத்தார்கள். அக்டோபர் 4 அன்று பொறுப்பேற்ற கௌல், இரண்டு வாரத்தில் மலைநோய் கண்டு டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார், படுக்கையில் இருந்தபடியே கட்டளைகள் அனுப்பினார். இதற்கிடையில், அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்பட்ட நேரு, நம் மண்ணை மீட்கும்படி ராணுவத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்று செய்தியாளர்களிடம் தெரிவித்தார்.

ஆற்றங்கரையில் பிரிகேடியர் ஜான் தால்வியின் 7ஆவது பிரிகேடு நின்றது. பலரிடம் பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியும்தான். வானிலிருந்து போட்ட மூட்டைகளில் பாதி காட்டுப் பள்ளங்களில் விழுந்து தொலைந்தன. மலைமுகடு சீனர்கள் கையில் இருந்தது, கீழே நின்ற படை அவர்கள் கண்ணுக்குத் திறந்து கிடந்தது. அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் தொடங்கியது. சில மணி நேரத்தில் பிரிகேடு சிதைந்தது. ராஜ்புத் பட்டாலியனில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தால்வியே சிறைபிடிக்கப்பட்டார். நவம்பர் நடுவில் சே லா, பொம்டிலா ஆகியவையும் வீழ்ந்தன. நவம்பர் 18 அன்று லடாக்கின் ரேசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் நின்ற குமாவோன் கம்பெனியின் சுமார் 120 பேரில் 110க்கும் மேற்பட்டோர் இடத்தை விடாமல் போரிட்டு மடிந்தார்கள். நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. இந்தியத் தரப்புக் கணக்கில் இறந்தவர்கள் 1,383, காணாமல் போனவர்கள் 1,696, சிறைபிடிக்கப்பட்டவர்கள் 3,968.

நாடாளுமன்றத்தில்

போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவையைக் கூட்ட வேண்டும் என்று அடல் பிகாரி வாஜ்பாய் முதலிய எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். நேரு ஒப்புக்கொண்டார். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை மறுத்தார். நவம்பர் 8 அன்று தொடங்கிய விவாதத்தில் 165 உறுப்பினர்கள் பேசினார்கள். எதிரி உள்ளே வந்துகொண்டிருக்கும் நாட்களில் ஒரு பிரதமர் தன்னைத் திட்டுவதற்கு அவையைத் திறந்துவிட்டது பெரிய செயல். நேருவின் பிழைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மேனனின் பதவி தப்பவில்லை. அக்டோபர் 31 அன்று பாதுகாப்புத் துறையை நேரு எடுத்துக்கொண்டு, மேனனைப் பாதுகாப்பு உற்பத்தி அமைச்சராக்கினார். எதுவும் மாறிவிடவில்லை என்ற பொருளில் மேனன் பேசியது காங்கிரஸ் உறுப்பினர்களையே கொதிக்க வைத்தது. நவம்பர் 7 அன்று அவர் முற்றாக விலகினார். அவர் இடத்துக்கு ஒய். பி. சவான் வந்தார். தாப்பரும் பதவி விலகினார், கௌல் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். 4ஆவது கோர் மானெக்ஷாவிடம் போனது.

போர்க்காலம் சில சண்டைகளை நிறுத்தவும் செய்தது. அதுவரை திராவிட நாடு கேட்டுவந்த தி.மு.க., அண்ணாவின் தலைமையில் பிரிவினைக் கிளர்ச்சியை ஒதுக்கிவைத்துப் போர் முயற்சிக்குத் துணை நின்றது. ஆனால் 1963 ஆகஸ்டில், இடைத்தேர்தலில் வென்று வந்திருந்த கிருபளானி, நாட்டின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. அரசு தப்பியது. யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த வாக்கெடுப்பு பதில் தரவில்லை, தரவும் முடியாது.

விசாரணையும் அதன் எல்லையும்

புதிய தலைமைத் தளபதி ஜே. என். சௌத்ரி 1962 டிசம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஹென்டர்சன் புரூக்ஸ் அப்போது 11ஆவது கோரின் தளபதி. பகத் இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்ணிவெடி அகற்றியதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்கள் ஐந்து: பயிற்சி, தளவாடம், கட்டளை அமைப்பு, வீரர்களின் உடல்தகுதி, தளபதிகளின் திறமை. அமைச்சர்கள் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது அவர்கள் வரம்பில் இல்லை. தரைப்படைத் தலைமையகத்தின் உள்வேலைகளும் இல்லை. மருத்துவரிடம் காலை மட்டும் காட்டிவிட்டு நெஞ்சைத் தொடக் கூடாது என்று சொன்ன மாதிரியான ஏற்பாடு இது. ஆயினும் இரண்டு அதிகாரிகளும் வரம்பின் ஓரம் வரை போனார்கள். முன்னகர்வுக் கொள்கையை நிறைவேற்றும் படைபலம் நம்மிடம் இல்லை என்பதையும், அதை அரசிடம் அழுத்திச் சொல்லாமல் பொதுப் பணியாளர் பிரிவு தவறியது என்பதையும், மேற்குக் கமாண்டு முன்கூட்டியே எச்சரித்ததையும் பதிவு செய்தார்கள்.

1963 செப்டம்பர் 2 அன்று சவான் மக்களவையில் ஓர் அறிக்கை படித்தார். மலைப்போருக்கும் சீனப் போர்முறைக்கும் ஏற்ற பயிற்சி இல்லை, உயரத்துக்கு உடலைப் பழக்காமலே வீரர்கள் அனுப்பப்பட்டார்கள், இளம் அதிகாரிகள் நன்றாகவே போரிட்டார்கள், மேலே போகப்போகத்தான் குறைகள் கூடின என்றார். முழு அறிக்கையை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்பும் படையின் மனவலிமையும் பாதிக்கப்படும் என்று முடித்தார். போர் முடிந்து பத்து மாதமும் ஆகியிராத அன்று அதில் நியாயம் இருந்தது.

புத்தகங்களின் போர்

அதிகாரபூர்வ ஆவணம் பூட்டப்பட்டதும், அந்த இடத்தை நினைவுக் குறிப்புகள் பிடித்துக்கொண்டன. கௌல் 1967இல் ‘தி அன்டோல்டு ஸ்டோரி’யில் பழியை அரசியல் தலைமை மீதும் பிறர் மீதும் வைத்தார். சிறையிலிருந்து மீண்ட தால்வி 1969இல் ‘ஹிமாலயன் பிளண்டர்’ எழுதினார். நாம்கா சூவில் நின்றவரின் கோபம் அதில் பக்கத்துக்குப் பக்கம் எரிகிறது. 1962 குறித்த தன்வரலாறுகளில் முதலில் படிக்க வேண்டியது அதுவே. 1970இல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் ‘இந்தியாஸ் சைனா வார்’ நூலை வெளியிட்டார். ரகசிய அறிக்கையை அவர் படித்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. போருக்கு இந்தியாவே காரணம் என்ற அவருடைய முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் அவரை மறுக்க வேண்டியவர்கள் கையில் மூல ஆவணம் இல்லை. இந்தியத் தரப்பின் நியாயத்தை இந்திய அரசே பேசவிடாமல் செய்த நிலை அது. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992இல் முடித்த போர் வரலாறும் கட்டுப்படுத்தப்பட்ட ஆவணமாகவே வைக்கப்பட்டது.

ஆட்சி மாறியும் மாறாதது

1977இல் ஜனதா ஆட்சி வந்தது. 1962இல் நேருவைக் கேள்வி கேட்ட வாஜ்பாய் அமைச்சரானார். 1998 முதல் 2004 வரை அவரே பிரதமர். அறிக்கை வெளிவரவில்லை. அவர் ஆட்சியிலேயே, 1999 கார்கில் போர் முடிந்ததும் அதை ஆராயப் பாதுகாப்பு ஆய்வாளர் கே. சுப்ரமணியம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சில மாதங்களில் அது அறிக்கை கொடுத்தது. 2000 பிப்ரவரியில், சில பகுதிகள் நீக்கப்பட்டு, அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் 1962 அறிக்கையைக் கேட்டார். மத்திய தகவல் ஆணையம் மறுத்தது. 2010இல் காங்கிரஸ் பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோணி, இதன் உள்ளடக்கம் இன்றைய ராணுவச் செயல்பாட்டுக்கும் பொருந்துவது என்று நாடாளுமன்றத்தில் கூறினார்.

2014 மார்ச் 17 அன்று, மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், மாக்ஸ்வெல் முதல் தொகுதியின் பெரும்பகுதியை இணையத்தில் போட்டார். நடுவே பல பக்கங்கள் இல்லை. பா.ஜ.க. தலைவர் அருண் ஜெட்லி உடனே எழுதினார்: இத்தகைய ஆவணங்களைக் காலவரையின்றி மறைப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றார், நேருவின் பிழையைச் சுட்டினார். மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில் அதே ஜெட்லி, பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவையில், அறிக்கை மிக ரகசியமானது, வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று பதிலளித்தார். பாதி ஆவணம் ஏற்கெனவே உலகம் முழுக்கப் படிக்கக் கிடைத்த நிலையில் சொல்லப்பட்ட பதில் இது. இதை ஒரு மனிதரின் முரண் என்று விட்டுவிடுவது எளிது. காங்கிரஸும் பா.ஜ.க.வும் ஒரே காரணத்தை ஏறக்குறைய ஒரே சொற்களில் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது.

2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்த பிறகு பாத்திரங்கள் இடம் மாறின. காங்கிரஸ் கேள்வி கேட்டது, பா.ஜ.க. 1962ஐ நினைவூட்டிப் பதில் சொன்னது. 2022 டிசம்பரில் தவாங் அருகே நடந்த மோதல் குறித்து விவாதம் கேட்ட காங்கிரஸ், 1962இல் 165 பேர் பேசியதை அவையில் எடுத்துக்காட்டியது. விவாதம் அனுமதிக்கப்படவில்லை, அக்கட்சி வெளிநடப்புச் செய்தது.

இன்றைய நிலை

25 ஆண்டுக்கு மேற்பட்ட போர் ஆவணங்களை நிபுணர்கள் ஆய்ந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்தது. சுப்ரமணியம் குழு போன்றவை வற்புறுத்தியதன் விளைவு இது. 1962 அறிக்கை வெளியாகும் என்று அதில் உறுதி தரப்படவில்லை. இணையத்தில் உள்ள முதல் தொகுதியின் விடுபட்ட பக்கங்களும், கடிதங்களும் இணைப்புகளும் அடங்கிய இரண்டாம் தொகுதியும் பொதுவெளிக்கு வரவில்லை.