முள்வேலியும் நிலவுறவும்: கிராமங்களைப் பெயர்த்தமர்த்தல் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

அந்நியப் படையொன்று ஒரு நாட்டின் நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் கைப்பற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. அதன் இடர்ப்பாடு கிராமத்திலேயே தொடங்குகின்றது. பகலில் வயலில் நிற்கும் உழவன் இரவில் கிளர்ச்சியாளருக்கு அரிசியும் செய்தியும் கொடுப்பவனாக இருக்கலாம். இவ்விடர்ப்பாட்டுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மீண்டும் மீண்டும் கையாளப்பட்ட தீர்வு ஒன்றுண்டு. மக்களை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்த்து வேலிக்குள் அமர்த்துதலே அது. மலாயாவில் நோக்கத்தை நிறைவேற்றிய அதே முறை வியட்நாமில் சிதைந்தது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இம்முறையின் தொடக்க வடிவங்கள் ஒளிவுமறைவற்றவை. 1896இல் கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் நாட்டுப்புற மக்களை அரண்செய்யப்பட்ட ஊர்களுக்குள் திரட்டினான். பசியாலும் நோயாலும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1900 - 1902 காலத்தில் தென்னாபிரிக்காவில் பிரித்தானியர் போயர்களின் பண்ணைகளை எரித்துப் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தனர். சிறைப்பட்ட ஆடவருள் ஒரு பகுதியினர் இலங்கையின் தியத்தலாவைக்கு அனுப்பப்பட்டனர். முகாம்களில் இறந்த போயர்கள் ஏறத்தாழ 28,000 பேர். அவருட் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பினத்தவர்க்கெனத் தனி முகாம்கள் இருந்தமையும், அங்கும் பல்லாயிரவர் மடிந்தமையும் நெடுங்காலம் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை.

மலாயாவில் 1948 ஜூனில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கிளர்ச்சிக்கு உணவளித்தோர் பெரும்பாலும் காட்டோரத்துச் சீனக் குடியேறிகள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தும், 1942 - 1945 யப்பானிய ஆட்சியில் உணவு தேடியும், வெள்ளீயச் சுரங்கங்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் விட்டு வெளியேறிய கூலித் தொழிலாளரே அவர்கள். பயிரிட்ட நிலத்தின்மீது அவர்க்குச் சட்ட உரிமை எதுவும் இருக்கவில்லை. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் 'புதிய கிராமங்கள்' எனப் பெயர்பெற்ற வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். அரிசி பங்கீடு செய்யப்பட்டது. தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் வேலியிட்ட லயன்களுக்குள் ஒருங்குசேர்க்கப்பட்டனர். அதற்கு முன்னரே இடதுசாரித் தொழிற்சங்க இயக்கம் நசுக்கப்பட்டுவிட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்.

இத்திட்டம் பயன்தந்தது என்பதை மறுத்தல் வரலாற்றுணர்வாகாது. ஆயின் பயன்தந்தது வேலி மட்டுமன்று. கொரியப் போரினால் இறப்பர், வெள்ளீயம் ஆகியவற்றின் விலை உயர்ந்து, குடியேற்ற அரசின் வருவாய் பெருகியது. மலாய் விவசாயிகளிற் பெரும்பாலோர் கிளர்ச்சியோடு இணையவில்லை. 1957இல் சுதந்திரம் வழங்கப்பட்டதோடு கிளர்ச்சியின் முதன்மைக் கோரிக்கையே அதன் கையிலிருந்து நழுவியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்க்கப்பட்டவரிற் பெரும்பாலோர் இழந்தது உரிமைப்பத்திரமற்ற நிலத்தை. அவருட் சிலர் புதிய இடத்திலேயே முதன்முறையாக நிலவுரிமையின் சாயலையேனும் கண்டனர்.

மலாயா அனுபவம் பெற்ற றொபேட் தொம்சன் 1961இல் பிரித்தானிய ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சைகோன் சென்றார். அடுத்த ஆண்டில் 'தந்திரோபாயக் குக்கிராமங்கள்' எனும் திட்டம் பெருமளவில் நடைமுறைக்கு வந்தது. வேலியும் அகழியும் காவற்படையும் ஒத்திருந்தன, நிலவுறவு ஒத்திருக்கவில்லை. மீக்கொங் கழிமுகத்தில், பிரெஞ்சியருக்கெதிரான போர்க்காலத்தில், வியற்மின் இயக்கம் ஓடிப்போன நிலவுடைமையாளரின் நிலங்களைப் பகிர்ந்தளித்திருந்தது. நியோ டின் டியெம் அரசின் 1956ஆம் ஆண்டுச் சீர்திருத்தமோ நிலவுடைமையாளன் நூறு ஹெக்டேயர் நெல்வயலை வைத்திருக்க இடமளித்தது. தனதென்று கருதி உழுத நிலத்துக்கு விவசாயி மீண்டும் குத்தகை செலுத்த வேண்டியவனானான். அத்தகையவனை மூதாதையர் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்து, வேலியையும் தன் உழைப்பினாலேயே கட்டுமாறு பணித்தபோது, அவ்வேலி யாருக்கெதிரானது என்பதை அவனுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1963 நவம்பரில் டியெம் வீழ்ந்தபின் அத்திட்டமும் குலைந்தது.

அல்ஜீரியா மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அங்கு பிரெஞ்சு இராணுவம் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மக்களைப் பெயர்த்தது. 1959இன் பின்னர் மலைகளிலிருந்த கிளர்ச்சிப் படைகள் பெரிதும் நலிவுற்றன. இராணுவ நோக்கில் அது வெற்றியே. ஆனால் நிலத்திலிருந்து அறுக்கப்பட்ட விவசாயி விவசாயியாகவே நீடிக்கவில்லை என்பதைப் பூர்தியூவும் சயாதும் 1964இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சிறந்த நிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளிடமிருக்கும் வரையில் அவனுக்கு அரசு வழங்கக்கூடியது எதுவுமில்லை. 1960 டிசம்பரில் நகரங்களில் மக்கள் கொடியோடு தெருவிலிறங்கினர். 1962 ஜூலையில் நாடு சுதந்திரமடைந்தது.

இவ்வொப்பீடு இரு சாராரின் மயக்கங்களையும் களைகின்றது. முதலாவது, ஏகாதிபத்தியப் போரியலாளரின் மயக்கம். அவர்கள் மலாயாவிலிருந்து நிலவுறவைக் கழித்துவிட்டு உத்தியை மட்டும் பிரித்தெடுத்தனர். 2006இல் ஐக்கிய அமெரிக்க இராணுவம் வெளியிட்ட கிளர்ச்சியெதிர்ப்புக் கையேடும் மலாயாவை முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்டது. 2021 ஆகஸ்டில் காபுல் எவ்வாறு கைமாறியது என்பதை உலகம் கண்டது. இரண்டாவது, நம்மவரின் மயக்கம். மக்கள் போராட்டம் தன்னியல்பாகவே வெல்லும் என்பது விஞ்ஞானமன்று, ஆறுதல்மொழியே. ஓரினத்தின் எல்லைக்குள் முடங்கி, ஏனைய உழைப்பாளரை அணிசேர்க்கத் தவறிய கிளர்ச்சி, அதன் தியாகம் எத்துணைப் பெரிதாயினும், தோற்கடிக்கப்படக்கூடியது என்பதை மலாயா உணர்த்துகின்றது.

சொற்களின் வரலாறும் இங்கு கவனத்துக்குரியது. 'திரட்டல்' என்றும் 'ஒருங்குசேர்த்தல்' என்றும் அழைக்கப்பட்டது 'புதிய கிராமம்' ஆயிற்று. 1952இல் மலாயாவின் உயர் ஆணையாளராக வந்த டெம்ப்ளர் மக்களின் உள்ளங்களை வெல்வது பற்றிப் பேசினார். முள்வேலி நீங்கவில்லை, அதன் பெயரே மென்மையடைந்தது. இலக்கிய மாணவர் சொல்லையும் வரலாற்று மாணவர் நிலத்தையும் தனித்தனியே ஆராய்வது இனியும் போதாது. ஒரு கிராமம் புதிதென அழைக்கப்படும்போது பழைய கிராமத்தின் நிலம் எவர் கையிற் சேர்ந்தது என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியாகும்.