யோசேப் வாஸ்

யோசேப் வாஸ் (21 ஏப்ரல் 1651 – 16 சனவரி 1711) ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கச் சமயம் தடைசெய்யப்பட்டிருந்த இலங்கையில் மறைவாகப் பணியாற்றிய கோவா நாட்டுக் குரு. யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் அவரை யோசவ்வாஸ் முனிவர் என்று வழங்குவர். 1995இல் அருளாளராகவும் 2015இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். கோயிலும் குருவும் பறிக்கப்பட்ட மக்கள் தங்கள் வழிபாட்டைத் தாங்களே காத்துக்கொள்ளும் வகையில் ஊர்தோறும் பொதுநிலையினரைப் பொறுப்பில் அமர்த்தியது அவரது பணியின் உயிர்நாடி.

பிறப்பும் கல்வியும்

கோவாவின் சால்செத் பகுதியிலுள்ள பெனாலிம் ஊரில், கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். போர்த்துக்கேய மொழியும் லத்தீனும் கற்று 1676இல் குருப்பட்டம் பெற்றார். 1681 முதல் 1684 வரை மங்களூரை உள்ளிட்ட கன்னட நாட்டில் பணியாற்றினார். பின்னர் பழைய கோவாவில் இந்தியக் குருமார் சிலர் கூடி நடத்திவந்த இல்லத்தில் சேர்ந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் மண்ணின் மைந்தர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. அந்த இல்லம் புனிதர் பிலிப்பு நேரியின் முறைப்படி ஒரேட்டரி என்னும் குருமார் சபையாக அமைந்தபோது, 1685இல் அதன் முதல் தலைவரானார்.

ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். பல சைவக் கோயில்கள் அழிந்தன. கத்தோலிக்கக் கோயில்கள் எழுந்தன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததும் நிலைமை தலைகீழானது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே ஆணை பிறந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் ஒல்லாந்தரின் கால்வினிய சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. சைவர்களின் பொது வழிபாட்டுக்கும் தடை நீடித்தது.

வாளைவிட ஆழமாகப் பாய்ந்தது தோம்பு என்னும் பதிவேடு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கப்பட்ட பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. பதிவில்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது. அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை வழக்கில் கைகொடுக்க ஏதுமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் கட்டினர். இப்படித்தான் பகலில் கம்பெனிச் சமயமும் இரவில் சொந்தச் சமயமுமாக மக்கள் வாழப் பழகினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்களுக்கென நிலையான குரு இல்லை.

மறைவுப் பணி

இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்விப்பட்ட வாஸ் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். பணியாள் யோவான் உடன் வந்தார். ஐரோப்பியக் குருவின் முகமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வாஸின் நிறமும் தோற்றமும் அவரைக் காத்தன. கூலியாளின் உடையில் தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். அந்தத் துறைமுகமும் அப்போது ஒல்லாந்தர் வசமே இருந்தது. புயலில் சிக்கி, மன்னார் வழியாக 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

கரையேறியதுமே வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. தொற்றுநோய் என்று அஞ்சியவர்கள் அவரை ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விட்டார்கள். இரக்கமுள்ள பெண் ஒருத்தி கொண்டுவந்த கஞ்சி அவர் உயிரைப் பிடித்து வைத்ததாக அவரது வரலாறு கூறுகிறது. உடல் தேறியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பிச்சை போடுபவரின் கண் அந்த மாலையில் எப்படிப் பதிகிறது என்று பார்த்தே அவர் கத்தோலிக்கரை இனம் கண்டார். நம்பிக்கை பிறந்த இடத்தில் மட்டும் தாம் குரு என்று சொன்னார்.

மறைவாகத் தன் சமயத்தைப் பேணிவந்த சில்லாலை ஊர் அவருக்கு அரணாக அமைந்தது. அங்கிருந்து இரவுகளில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், தமிழில் போதித்தார்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலிக்குக் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தப் படையினர் வளைத்தனர். வாஸ் தப்பினார். பிடிபட்டவர்களில் எட்டுப் பேருக்குக் கொடிய கசையடி விழுந்தது. கால்வினிய சபையை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த தோன் பேத்ரு அந்த அடியில் இறந்தார். மற்றவர்கள் சங்கிலி பூட்டப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். இந்த வரலாற்றில் வாஸின் பெயரோடு நிற்க வேண்டிய பெயர்கள் இவர்களுடையவை. ஏனென்றால், வந்த குருவைவிட மிகுந்த விலை கொடுத்தவர்கள் அவருக்குக் கதவு திறந்தவர்களே.

கண்டி

1690இல் கண்டி அரசுக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்ற வாஸ், 1692இல் தலைநகரை அடைந்தார். அங்கிருந்த பிரெஞ்சுக் கால்வினியரான லனரோல், அவர் போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் சொல்ல, சிறைவாசம் வந்தது. அந்தக் காலத்தில் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது அங்கேயே சிறு வழிபாட்டிடம் அமைத்தார். வறட்சியில் அவர் வேண்டுதலால் மழை பெய்தது என்பது கத்தோலிக்க மரபு. பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு நாடெங்கும் போதிக்கும் உரிமை அளித்தான். ஒரு கிறித்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு அடைக்கலம் தந்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசவை ஊரைவிட்டு அகன்றது; நோயாளிகள் கைவிடப்பட்டனர். வாஸும் அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ அடிகளும் குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தவரைப் புதைத்தார்கள். சமயம் பார்த்து அவர்கள் யாரையும் ஒதுக்கவில்லை.

பொதுநிலையினர் அமைப்பு

குருவின் கால் ஓர் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை படுவதே அரிது. ஆகவே வாஸ் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். ஞாயிறுதோறும் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, சாகக் கிடப்பவருக்குத் துணையிருப்பது ஆகியன அவர்கள் பொறுப்பாயின. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் அவர்களுக்குக் கைந்நூலாயின.

இந்த அமைப்பின் பெறுமதியை 20ஆம் நூற்றாண்டு ரஷ்யாவின் அனுபவமும் உணர்த்துகிறது. சோவியத் அரசு 1918இல் பிறப்பு, திருமணப் பதிவுகளை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமயக் குழுக்களைப் பதிவுக்குள் கட்டிப்போட்டது. அறிவியலாளரும் குருவுமான பாவெல் ஃபுளோரென்ஸ்கி போன்றோர் முகாமில் அடைக்கப்பட்டனர். அவர் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கும் குரு இல்லாத வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தனர். இரண்டு அரசுகளின் நோக்கமும் ஒன்றல்ல. சோவியத் அரசு சமயத்தையே ஒழிக்க முனைந்தது; கம்பெனியோ தன் வாணிகத்துக்கும் ஆட்சிக்கும் காவலாகத் தன் சமயத்தைத் திணித்தது. எனினும் பதிவேட்டால் மனச்சான்றை ஆள நினைத்ததில் இரண்டும் ஒன்றே.

இறப்பும் பின்விளைவும்

ஆயர் பதவிக்குத் தம் பெயர் எழுந்தபோது மறுத்த வாஸ், 1711 சனவரி 16 அன்று கண்டியில் காலமானார். செபஸ்தியாவோ தோ ரேகோ எழுதிய அவரது வரலாறு 1745இல் லிஸ்பனில் அச்சேறியது. 1995 சனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலில் அறிவித்தனர்.

ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகளைப் பிரித்தானிய ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் 1806இல் நீக்கினார். கம்பெனி தோம்பில் எழுதிவைத்த கால்வினியர்களில் பெரும்பாலோர் அதன் ஆட்சியோடு மறைந்துபோனார்கள். அண்ணாவியார்கள் செபம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் வழியோ சில்லாலையிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் இன்றுவரை தொடர்கிறது.