கரண்ட் போன சேதியை யார் சொல்வது?

நேற்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. கணினி மையம் வைத்திருக்கும் என் பழைய மாணவர் போனில் புலம்பினார். "டீச்சர், யுபிஎஸ் பேட்டரி நூறு சதவீதம்னு சாஃப்ட்வேர் காட்டுது. கரண்ட் போன ரெண்டாவது நிமிஷம் எல்லாம் அணைஞ்சிருச்சு. ஒரு ஆளோட விண்ணப்பம் பாதியில போச்சு" என்றார். எனக்கு 2012 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற ஊர்களில் பல நாட்கள் 10 மணி நேரத்துக்கும் மேல். அப்போது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. முழுவதும் போவதற்குள் கணினியில் ஏற்றிவிட நினைத்து, பள்ளி முடிந்த பிறகு நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். யுபிஎஸ் இருந்தது. அதோடு வந்த சிடியிலிருந்து மென்பொருளும் போட்டிருந்தோம். கரண்ட் போனால் அதுவே கணினியைப் பத்திரமாக மூடிவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

ஒரு மாலை 1955-ஆம் ஆண்டுப் பக்கங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. திரையில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து படிப்பதற்குள் கணினி தானாகவே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அணைந்துவிட்டது. மென்பொருள் சொன்னதைச் செய்தது. இயந்திரம் பத்திரம். நான் அடித்த 112 பெயர்கள் போய்விட்டன.

திரும்ப அடிக்கப் பதிவேட்டைத் திறந்தபோது, அரித்திருந்த தாளின் ஓரம் கையோடு வந்துவிட்டது. போனது பிறந்த தேதி எழுதியிருந்த பத்தி. அடுத்த மாதம் ஓர் அம்மா வந்தார். முதியோர் ஓய்வூதியத்துக்கு வயதுச் சான்று வேண்டும், "நான் இங்கதான் படிச்சேன் டீச்சரம்மா" என்றார். பெயர் இருந்தது, தந்தை பெயர் இருந்தது, தேதி இல்லை. அந்தத் தேதியை ஒருமுறை நானே படித்து அடித்திருக்கிறேன், மங்கலாக நினைவும் இருந்தது. ஆனால் தலைமையாசிரியர் முத்திரையை நினைவின் மேல் குத்த முடியாதே. அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி, அலைந்து, பல மாதம் கழித்துத்தான் அவருக்குப் பணம் வந்தது.

அதன் பிறகுதான் இந்த மென்பொருளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து வைப்பது பழைய வித்தை. கரண்ட் போன சேதியைக் கணினிக்குச் சொல்வதுதான் புதிய சிக்கல். தொடக்கத்தில் கணினியின் பின்புறம் இருந்த 9 ஊசி சீரியல் போர்ட்டில் யுபிஎஸ்ஸின் கேபிளைச் செருகினார்கள். அதில் பேச்சு எதுவும் போகாது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் மாறினால் 'கரண்ட் போய்விட்டது'. இன்னொன்றில் மாறினால் 'பேட்டரி தீரப்போகிறது'. கணினி தன் பக்கத்திலிருந்து ஒரு கம்பியை மாற்றினால் 'நீ அணைந்துகொள்'. வகுப்பில் பிள்ளைகள் ஒரு விரல், இரண்டு விரல் காட்டி வெளியே போகக் கேட்பார்களே, அதே போல.

தொல்லை என்னவென்றால், எந்த விரலுக்கு என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. விண்டோஸ் என்டி-யில் யுபிஎஸ்ஸுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. சமிக்ஞை நேர்மின்னா, எதிர்மின்னா என்று அது நம்மையே கேட்கும். தவறாகச் சொன்னால் கரண்ட் இருக்கும்போதே போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். சில யுபிஎஸ்களில் அதற்குரிய கேபிளை விட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால், அதையே 'அணைந்துகொள்' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அடுத்து வந்தவை எழுத்தால் பேசும் யுபிஎஸ்கள். அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய ஏபிசி நிறுவனத்தின் யுபிஎஸ்ஸுக்கு 'ஒய்' என்ற எழுத்தை அனுப்பினால் 'எஸ்எம்' என்று பதில் வரும். பிறகு பேட்டரியின் மின்னழுத்தம் முதல் எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால் இந்த மொழியை நிறுவனம் வெளியிடவில்லை. லினக்ஸ் வைத்திருந்தவர்கள் கம்பியில் போகும் எழுத்துகளை ஒட்டுக்கேட்டு, தாங்களே அகராதி தயாரித்தார்கள். 1990-களின் இறுதியில் ரஸ்ஸல் க்ரோல் என்பவர் தொடங்கிய 'நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்' அப்படி வளர்ந்ததுதான். தன்னார்வலர்கள் இன்றும் அதைப் பராமரிக்கிறார்கள். மலிவு விலை யுபிஎஸ்கள் பலவும் பேசும் 'கியூ1' என்ற மொழியும் அதற்குத் தெரியும்.

1997-இல் யுஎஸ்பி வழியாக யுபிஎஸ் பேசுவதற்குப் பொதுவான விதிமுறை வந்தது. நல்ல காரியம். அதைப் பின்பற்றும் யுபிஎஸ்ஸை விண்டோஸ் மடிக்கணினி பேட்டரியைப் போலவே காட்டும். ஆனால் விண்டோஸ் விஸ்டா வந்தபோது பழைய சீரியல் யுபிஎஸ் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய யுபிஎஸ் வைத்திருந்தவர்கள் அம்போ!

காவலனே வாசலை அடைத்த கதையும் உண்டு. ஏபிசியின் 'பவர்ஷூட்' மென்பொருளின் சில பதிப்புகளுக்குள் இருந்த ஜாவா சான்றிதழ் ஒன்று 2005 ஜூலை 27 அன்று காலாவதியானது. அது ஓடிக்கொண்டிருந்த பல சர்வர்கள் அதன்பின் உள்ளே நுழைய முடியாமல் திணறின. எங்கும் கரண்ட் போகவில்லை. காப்பாற்ற வைத்த மென்பொருளே காலை வாரியது.

சரி, நூறு சதவீதம் காட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் அணைவது ஏன்? வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான். பெருக்கினால் 84 வாட்-மணி. கணினியும் திரையும் 150 வாட் இழுத்தால், புதிய பேட்டரியே கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். ஒருமுறை தீர்ந்தால் மீண்டும் நிரம்பப் பல மணி நேரம் ஆகும். 2012-இல் எங்களுக்கு ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. பேட்டரி எப்படி நிரம்பும்? மேலும், வயதான பேட்டரி மின்னழுத்தத்தை மட்டும் சரியாகக் காட்டும், சுமையை ஏற்றினால் படுத்துவிடும். 'உள்ளேன் டீச்சர்' என்று குரல் கொடுத்துவிட்டுத் தூங்கும் பையனைப் போல. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்து அவனுக்குப் பாடம் வரும் என்று சொல்ல முடியுமா? கரண்ட் எப்போதாவது ஒருமுறை போகும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதிய மென்பொருள் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பிளஸ் டூ படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை கரண்ட் போனதையே கவனிக்காமல் எழுதிக்கொண்டிருப்பாள். அங்கே பேட்டரியும் கணினியும் ஒரே வீட்டில், ஒரே மொழியில் பேசின. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. மெல்ல மெல்ல மின்வெட்டு குறைந்தது, நாமும் மறந்துவிட்டோம்.

பட்டறிந்து நான் சொல்வது இவ்வளவுதான். யுபிஎஸ் அமைப்பில் 'ஷட்டவுன்' என்று இருப்பதை 'ஹைபர்னேட்' என்று மாற்றுங்கள். திறந்திருந்தவை திறந்தபடியே காத்திருக்கும். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த 112 பெயர்களும் பிழைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். திரை சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று நான்கு ஆண்டு ஆன பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

அந்தப் பதிவேட்டைப் பிறகு முழுவதுமாக ஏற்றி முடித்தேன். ஓய்வுபெறும் நாளில் அடுத்த தலைமையாசிரியரிடம் பென்டிரைவில் கொடுத்தேன். அந்த அம்மாவின் பெயருக்கு நேரே பிறந்த தேதிக் கட்டம் மட்டும் இன்றும் காலியாகவே இருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். கணினியில் வேறு வேலை திறந்து வைத்திருந்தால், முதலில் அதைச் சேமித்துவிட்டு வாருங்கள்.