கருணையிலிருந்து கணக்குக்கு

'தொண்டு' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அடிமைத்தனம் என்றும் சேவை என்றும் இரு பொருள்கள் உண்டு. சமூகப்பணி குறித்த நம் பொதுப்புத்தி சேவை என்ற பொருளோடு நின்றுவிடுகிறது: இருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் பெறுவார். இதனால் ஒருவேளைப் பசி தீரலாம். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு மாறுவதில்லை. அந்த உறவையே கேள்விக்கு உட்படுத்திய சமூகப்பணியின் வரலாறு ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் இருக்கிறது.

அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில் 1972-இல் சமூகப்பணி மற்றும் ஆய்வு மையத்தைப் பங்கர் ராய் தொடங்கினார். வறட்சி நிவாரணப் பணியில் சாலை அமைத்த தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டபோது, அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நிவாரணப் பணிகளுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களித்த 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில அரசு முன்வைத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1983-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பஞ்சகாலத்து வேலை அரசின் பிச்சையன்று, உழைப்பவரின் உரிமை என்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று.

தீர்ப்பு வந்த பிறகும் முழுக்கூலி கைக்கு வரவில்லை. சென்னையில் பிறந்து, 1968-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னர் அதைத் துறந்து திலோனியாவில் பணியாற்றிய அருணா ராய், 1987-இல் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் குடியேறினார். உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து 1990 மே 1 அன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' என்ற அமைப்பை நிறுவினர். கூலி கேட்டவர்களுக்கு, "நீங்கள் அளவுக்கு வேலை செய்யவில்லை, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது" என்ற பதிலே கிடைத்தது. பதிவேட்டைக் காட்டச் சொன்னால் அது அரசு ரகசியமாகிவிடும். 1923-ஆம் ஆண்டின் காலனியச் சட்டம் அந்த மறுப்புக்குத் துணைநின்றது.

1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. அதன் முறை எளியது. வருகைப் பதிவேடுகளும் பற்றுச்சீட்டுகளும் ஊர் நடுவில் உரக்க வாசிக்கப்படும். கேட்பவர்கள் தம் பெயர் வரும்போது எழுந்து உண்மையைச் சொல்வார்கள். வேலைக்கே போகாதவர் கூலி பெற்றதாகவும், கட்டாத கட்டடம் கட்டி முடிக்கப்பட்டதாகவும் காகிதங்கள் பேசின. எழுத்தறியாதவர்கள் அவற்றைக் காதால் கேட்டே திருத்தினார்கள்.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவரில் தொடங்கிய தர்ணா 40 நாட்கள் நீடித்தது. "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது இந்த இயக்கத்தின் முழக்கம்: எங்கள் பணம், எங்கள் கணக்கு. 'ஹிசாப்' என்ற அன்றாடச் சொல் அங்கே அரசியல் சொல்லாயிற்று. ராஜஸ்தான் 2000-இல் சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-இலேயே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தும், விதிவிலக்குகள் மலிந்த அச்சட்டம் வலுவற்றதாகவே இருந்தது. கேட்கும் மக்கள் திரளாத இடத்தில் சட்டம் மட்டும் முந்தி வந்து பயனில்லை.

இந்த உரிமைக்கு உயிரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜெத்வா, 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தின் அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தகவல் என்ற காரணத்தால் பதில் மறுக்கும் வழியை அகலத் திறந்திருக்கிறது. கூலிப் பட்டியல் என்பதே பெயர்களின் பட்டியல்தான். பெயர்களை மறைத்துவிட்டால், வேலைக்கே போகாதவரின் பெயரில் கூலி எடுத்தவரை ஊர் எப்படி அடையாளம் காணும்?

ஏழைக்கு இரங்கும் சமூகப்பணியை எந்த அதிகாரமும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும். ஏழை கணக்குக் கேட்கத் துணைநிற்கும் சமூகப்பணிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஆனால் உறவை மாற்றியது அதுதான்.