மூடிய சிப்பியின் மேல் ஓர் ஏலம்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் முதலில் பேச வேண்டியவன் நிலை இரங்கத்தக்கது. பிறர் கருத்தை அறியுமுன் அவன் பணயம் வைக்கிறான். பின்னே அமர்ந்தவர்கள் அவனைப் பார்த்துத் தம் முடிவைச் செய்கிறார்கள். அவ்வாறு முதலில் பேசியவனே, ஆட்டம் முதிர்ந்த வேளையில், எதிராளி உயர்த்திய தொகைக்கு மேலும் உயர்த்துவானாயின், அது மெய்யான பலமா, வெறும் மிரட்டலா என்ற ஐயம் எழும். இதே ஐயத்தை நம் மன்னார் வளைகுடாக் கரை சீட்டுக்கட்டு இன்றியே அறிந்திருந்தது. முத்துச் சலாப ஏலத்தையே சொல்கிறோம்.

எட்கர் தர்ஸ்டன் 1889ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரைசேர்ந்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு முத்துக்குளிப்போருக்கு, எஞ்சியது அரசுக்கு. அரசின் பங்கு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று மாலையில் ஏலம் போகும். வாங்குவோன் காண்பது ஓட்டை மட்டுமே. சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தை எடுக்கச் சில நாட்கள் ஆகும். ஆகவே நேற்று வாங்கியதன் பலன் இன்றைய ஏலத்துக்கு உதவாது.

எனினும் வணிகர் முற்றிலும் குருடரல்லர். சலாபத்துக்கு முன் அதிகாரிகள் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து மாதிரி மதிப்பீடு செய்வதுண்டு. முத்துக்குளிப்போர் தம் பங்கைத் தெருவிலே சில்லறையாக விற்பர். அவற்றை அங்கேயே திறந்து பார்ப்போரும் உண்டு. அந்தச் செய்தி ஏலக்களத்தை எட்டாதிருக்குமா?

இங்கே முதலில் விலை கேட்டவன் தன் அறிவைப் பிறருக்கு இலவசமாகத் தந்துவிடுகிறான். பிறர் உயர்த்தியபின் அவனே மீண்டும் உயர்த்தினால், அவன் எதையோ அறிந்திருக்கலாம். அல்லது பிறரை ஏற்றிவிட முயலலாம். பிறர் ஏறாவிடில் சுமை அவன் தலையில்! ஒரே மறைபொருளைப் பலர் மதிப்பிடும்போது, வென்றவன் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவனாகவே இருப்பான். எண்ணெய்க் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் மூவர் 1971இல் இதனை விளக்கினர்.

நம் கடல் இதனை முன்னரே காட்டியிருந்தது. 1905இல் எதிர்க்கரையான இலங்கையில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பெனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக்கு அந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன, கம்பெனி கலைந்தது. 1925 வரை அங்கே சலாபம் நிகழவில்லை. அரசு தன் கையிலிருந்த சூதைத் தக்க வேளையில் பிறர் தலையில் கட்டிவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

வணிகனும் கம்பெனியும் பணத்தை வைத்து ஆடினர். முத்துக்குளிப்போன் வைத்தது மூச்சை. அவனுக்குக் கூலியும் மூடிய சிப்பியாகவே வந்தது. அழுகும்வரை காத்திருக்க வசதியில்லாதவன் திறவாமலே தெருவில் விற்றான். அதிலே பெருமுத்து இருந்ததா என்பது வாங்கியவனுக்கே தெரியும். தூத்துக்குடியின் பெருஞ் சலாபங்கள் 1961உடன் முடிந்தன. அவற்றின் வரலாற்றை ஏலத்தொகைகளைக் கொண்டு எழுதுகிறோம். முதலில் பணயம் வைத்து, மீண்டும் உயர்த்தும் வாய்ப்பே பெறாத அம்மனிதனையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டியவர்கள் நாமே.